எந்த வால்வு வேணும்னு கேக்குறாங்க

“உங்க இஷ்டம்தாம்மா. ரெண்டுல எது வேணுமோ சொல்லுங்க. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

இப்படித்தான் கேட்டார்கள். கேட்கப்பட்டவள் என் அக்கா மகள். அப்போது வயது 22. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைக்கிறவள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாள். ரத்தசோகை என்று கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்துமா என்று கொஞ்ச நாள் கொடுத்தார்கள். கடைசியில் எக்கோ எடுத்துப் பார்த்தபோதுதான், இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருக்கிற மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கி, திறக்கவும் மாட்டாமல் மூடவும் மாட்டாமல் கிடக்கிறது என்று தெரிந்தது. மாற்றித்தான் ஆகணும்.

இந்தப் பெண்ணை அதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்லை. எந்தத் தெருவில் குடியிருப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது, எந்த வேலைக்குப் போவது, செத்தால் எந்தச் சுடுகாட்டுக்குப் போவது, எல்லாமே அவள் பிறப்பதற்கு முன்பே ஊரும் சாதியும் முடிவு பண்ணி வைத்துவிட்டன. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் ‘உன் விருப்பம் என்ன’ என்று கேட்கிறார்கள். எதைப் பற்றி? நெஞ்சைப் பிளந்து உள்ளே வைக்கப்போகிற சாமானைப் பற்றி. அதற்கும் ஒரே ஒரு நாள் அவகாசம்.

இந்த ‘விருப்பம்’ என்கிற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

*

முதலில் இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தலையெழுத்து, பரம்பரை, போன ஜென்மத்துப் பாவம் இதெல்லாம் ஒண்ணும் இல்லை. சின்ன வயசில் தொண்டைப் புண் வருகிறது. ‘ஏ’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற கிருமி. பெரும்பாலும் 5 வயசிலிருந்து 15 வயசுக்குள். வைத்தியம் பார்க்காமல் விட்டால், சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும், மூட்டுகள் மாறி மாறி வீங்கும். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு தன் இதயத்தையே தாக்குகிறது. இதற்குப் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். ‘மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும்’ என்று வைத்தியர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மூட்டு வீக்கம் வடிந்துவிடும். ஆனால் தொண்டைப் புண் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு தடவையும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து மூச்சு வாங்கும்.

இந்தக் கிருமி யாரைப் பிடிக்கிறது? ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற வீட்டைப் பிடிக்கிறது. ஒருத்தர் இருமினால் ஏழு பேர் முகத்திலும் படுகிற வீட்டைப் பிடிக்கிறது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, மருத்துவப் புத்தகமே சொல்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பென்சிலின் வருவதற்கு முன்பே இந்த நோய் குறையத் தொடங்கிவிட்டது. காரணம், வீடு பெருசாச்சு, நெருக்கடி குறைஞ்சது. பென்சிலின் வந்தபின் ஏறக்குறையக் காணாமல் போனது. இன்றைக்கு ஆஸ்திரேலியா போன்ற பணக்கார நாட்டில்கூட இந்த நோய் யாரிடம் மிச்சமிருக்கிறது தெரியுமா? ஆதிக்குடி மக்களிடம். நியூசிலாந்தில் மாவோரி மக்களிடமும் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவர்களிடமும். அதே நாட்டின் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு இது அபூர்வம். கிருமிக்கு நிறம் தெரியாது, சாதி தெரியாது. ஆனால் வீடு தெரியும். வீட்டை ஒதுக்கிக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

உலகத்தில் ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் பெரும் பங்கு நம் நாட்டில். 2018-இல் உலக சுகாதாரப் பேரவை இதை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஒழிக்கிற மருந்து புதுசு ஒண்ணும் இல்லை. பென்சாத்தின் பென்சிலின் என்கிற ஊசி. 1950களிலிருந்து இருக்கிறது. காய்ச்சல் ஒருமுறை வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, வருஷக்கணக்கில் போட்டால் வால்வு மேலும் கெடாமல் காப்பாற்றலாம். விலை அற்பம்.

என் அக்கா மகளுக்கு 11 வயசில் முட்டி வீங்கியது. ‘வளர்ற புள்ளைக்கு வர்ற வலி’ என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஒரு டாக்டர் கண்டுபிடித்து ஊசி எழுதிக் கொடுத்தார். எழுதின சீட்டை எடுத்துக்கொண்டு போனால் ஒரு இடத்தில் ஸ்டாக் இல்லை. இன்னொரு இடத்தில் ‘அலர்ஜி ஆனா யார் பொறுப்பு’ என்று நர்ஸ் போட மறுத்தார். அக்கா கூலியை விட்டுவிட்டு நாலு தடவை அலைந்தாள். ஐந்தாவது தடவை போகவில்லை. கேஸ் ஷீட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘ஒழுங்காகச் சிகிச்சைக்கு வரவில்லை.’

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

*

சரி, வால்வுக்கு வருவோம். கையெழுத்துக் கேட்டவர்கள் அரைகுறையாகச் சொன்னதை நான் முழுசாகச் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படலாம்.

மாற்றுவதற்கு முன்னால் ‘ரிப்பேர் பண்ண முடியுமா’ என்று கேட்க வேண்டும். சுருக்கம் மட்டும் இருந்து இதழ்கள் இன்னும் இளக்கமாக இருந்தால், தொடை வழியாகக் குழாய் விட்டு பலூனை ஊதித் திறக்கலாம். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. கசிவு இருந்தால் தைத்துச் சரிசெய்யலாம். ருமாட்டிக் நோயில் அது சிரமம், கைதேர்ந்தவர் வேண்டும். ஆனாலும் கேட்க வேண்டும்.

இரண்டும் ஆகாது என்றால்தான் மாற்றுவது. அதில் இரண்டு வகை.

ஒன்று இயந்திர வால்வு. கார்பனும் உலோகமும் கொண்டு செய்தது. ஆயுசுக்கும் உழைக்கக் கூடியது. ஆனால் ரத்தம் அதன்மேல் பட்டால் உறையப் பார்க்கும். உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். அதனால் உயிர் உள்ளவரை தினமும் மாத்திரை. வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால். ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று ஐ.என்.ஆர். பரிசோதனை. மைட்ரல் வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக அது 2.5-லிருந்து 3.5-க்குள் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக் கசிவு. ஆரம்பத்தில் அடிக்கடி, நிலைத்த பிறகு மாசத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். இயந்திர வால்வுக்காரர்களுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-இல் ஒரு தடவையும் 2022-இல் ஒரு தடவையும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பழைய மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்தான் வழி.

இரண்டாவது திசு வால்வு. மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்வது. முதல் சில மாசத்துக்குப் பிறகு, வேறு காரணம் இல்லாவிட்டால், அந்த மாத்திரை தேவையில்லை. ஆனால் தேயும். சுண்ணாம்பு படிந்து இறுகும். எழுபது வயசுக்காரருக்கு வைத்தால் அவர் ஆயுசுக்கும் போதும். இருபது வயசுக்காரருக்கு வைத்தால் சீக்கிரம் கெடும், பத்து வருஷம் தாங்கினாலே பெரிசு என்கிற நிலைமை. பிறகு மறுபடி நெஞ்சைப் பிளக்கணும். முதல் ஆபரேஷனைவிட இரண்டாவது ஆபத்து. 22 வயசில் வைத்தால் இரண்டாவது, மூன்றாவது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழாய் வழியாகப் பழைய வால்வுக்குள்ளேயே புது வால்வு வைக்கிற முறை இப்போது வந்திருக்கிறது. அதற்குப் பல லட்சம். நமக்கில்லை.

பெண் என்றால் இன்னொரு சிக்கல். கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை வார்ஃபரின் கருவைப் பாதிக்கக் கூடும். அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். அதை நிறுத்தி ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் வால்வில் கட்டி உறையும் ஆபத்து. தாயா பிள்ளையா என்கிற கத்திமேல் நடை. திசு வால்வில் இந்தத் தொல்லை குறைவு.

ஆக இரண்டிலும் நல்லது கெட்டது இருக்கிறது. இதில் எது சரி என்று நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. என் சண்டை வேறு இடத்தில்.

*

கையெழுத்து வாங்குவதற்கு முந்தின நாள் ஒரு சின்ன டாக்டர் இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். இங்கிலீஷில்தான். எங்களுக்குப் புரியாது என்று நினைப்பு. சொன்னது இதுதான்: “இவங்க எல்லாம் மாத்திரை ஒழுங்கா சாப்பிட மாட்டாங்க, டெஸ்டுக்கும் வர மாட்டாங்க. திசு வால்வே வச்சிடலாம்.”

பார்த்தீர்களா, அதே வாக்கியம் திரும்ப வந்துவிட்டது.

2020-இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டியை எடுத்துக்கொள்வோம். இவள் வயசுக்கு இயந்திர வால்வுதான் பொருத்தம் என்பது அதன் பொதுப் போக்கு. ஆனால் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: ரத்தத்தை நீர்க்கும் மருந்து கூடாதவர்கள், வேண்டாம் என்கிறவர்கள், மருந்தைச் சரிவரக் கண்காணிக்க முடியாதவர்கள், இவர்களுக்கு எந்த வயசிலும் திசு வால்வு வைக்கலாம். முடிவை நோயாளியோடு சேர்ந்து எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நியாயமான விதிதான். பரிசோதனை பார்க்க வழியில்லாதவருக்கு இயந்திர வால்வை வைத்து அனுப்பினால் அவர் வால்வு சிக்கிச் சாவார். அந்தச் சாவுகளைப் பார்த்துப் பயந்துபோன டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை.

ஆனால் ‘கண்காணிக்க முடியாதவர்’ என்கிற அந்த வார்த்தைக்குள் யார் போய் உட்காருகிறார்கள்? முடியாதது யாரால்? எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐ.என்.ஆர். பரிசோதனை இல்லை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். மூன்று மாசம் தொடர்ந்து லீவு எடுத்தால் சூப்பர்வைசர் வேலையை விட்டு நின்றுகொள் என்பான். இதில் ‘முடியாதது’ அரசாங்கத்துக்கு. இல்லாதது பரிசோதனைக் கருவி. ஆனால் கேஸ் ஷீட்டில் அது நோயாளியின் குணமாக எழுதப்படுகிறது. பஸ் இல்லாததும், லேப் இல்லாததும், லீவு இல்லாததும் சேர்ந்து ‘இவங்க இப்படித்தான்’ என்று ஆகிவிடுகிறது. சாதி வேலை செய்கிற விதமே இதுதான். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் வைத்துவிட்டு ‘இவங்க குளிக்க மாட்டாங்க’ என்று சொன்னார்கள் அல்லவா? பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் வைத்துவிட்டு ‘இவங்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொன்னார்கள் அல்லவா? அதே பொதுப்புத்திதான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

‘ஆஸ்பத்திரியிலுமா சாதி பார்க்கிறாய்?’ என்று முற்போக்கு நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நான் பார்க்கவில்லை ஐயா. அது எங்களைப் பார்க்கிறது. முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது; இல்லை என்று சொல்லவில்லை. 2009-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் பிழைத்தவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். ஆனால் காப்பீடு ஒரு நாள் நடக்கிற ஆபரேஷனுக்குப் பணம் கட்டுகிறது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் நடக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு, பஸ்ஸுக்கு, போன கூலிக்கு யார் கட்டுவது? நெஞ்சுக்குள் கதவு வைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கு எண்ணெய் போடுகிற வேலையை மட்டும் எங்கள் தலையில் கட்டினால் எப்படி?

*

இன்னொரு விஷயம். என் அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தவர். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று காலெல்லாம் வெந்து போயிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், நாற்றம் என்பார்கள்.

திசு வால்வு எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தபோது நான் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். மாட்டின் இதய உறையை எடுத்து, கழுவி, குளூட்டரால்டிஹைடு என்கிற ரசாயனத்தில் ஊறப்போட்டுப் பதப்படுத்துகிறார்கள். 1960களின் கடைசியில் பாரிஸில் அலென் கார்ப்பாந்தியே என்கிற அறுவை மருத்துவர் கொண்டுவந்த முறை. அதே ரசாயனத்தைத் தோல் பதனிடவும் பயன்படுத்துகிறார்கள். அதாவது திசு வால்வு என்பது பதனிட்ட தோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. என் அப்பாவும் அவருக்கு முன்னால் இருந்த எத்தனையோ தலைமுறையும் செய்த வேலைக்கு ‘தீட்டு’ என்று பெயர். அதையே ஆய்வுக்கூடத்தில் கையுறை போட்டுச் செய்தால் ‘விஞ்ஞானம்’ என்று பெயர். லட்ச ரூபாய் விலை.

2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்தார்கள் என்று தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி வைத்து அடித்தார்கள். அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள். அதே நாட்டில், பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில், எத்தனை உயர்சாதி நெஞ்சுகளுக்குள் மாட்டின் உறை திறந்து மூடிக்கொண்டிருக்கிறது! வைக்கட்டும், நன்றாக வாழட்டும். யார் உயிரும் நமக்குப் பகை இல்லை. ஆனால் மாட்டைத் தொட்டவன் தீட்டு, மாட்டைத் தின்றவன் தீட்டு, மாட்டை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டவன் மட்டும் சுத்தமா? சாஸ்திரத்தில் இதற்கு எந்தப் பக்கம் என்று யாராவது எடுத்துக் காட்டட்டும்.

இயந்திர வால்வுக்கும் ஒரு கதை உண்டு. வெளிநாட்டு வால்வு வாங்க வக்கில்லாத ஏழைகளுக்கென்று திருவனந்தபுரத்தில் அரசு நிறுவனமான ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில், எம்.எஸ். வல்லியத்தான் தலைமையில், பல மாதிரிகள் தோற்றும் விடாமல் முயன்று ஒரு வால்வைச் செய்தார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்தாயிற்று. பொதுப் பணமும் மனசும் இருந்தால் இந்த நாட்டில் மலிவான வால்வைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படியிருக்க, ஒரு சொட்டு ரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கிற சின்னக் கருவியை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்க முடியாது என்று சொன்னால் நாம் நம்ப வேண்டுமா?

*

இதுவரை அடுத்தவனைத் திட்டினேன். இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசினது என்ன? “பொம்பளப் புள்ள. நெஞ்சுல தழும்பு. எவன் கட்டுவான்?” “ஆயுசுக்கும் மாத்திரைன்னா புள்ள பொறக்காதாமே.” “அந்த வால்வு டிக் டிக்னு சத்தம் போடுமாம். ராத்திரி புருஷங்காரன் கேட்டா இன்னா சொல்றது?” எல்லாரும் சேர்ந்து திசு வால்வு என்று முடிவு பண்ணிவிட்டார்கள். பத்து வருஷத்துக்குள் கல்யாணம் முடிந்து இரண்டு பிள்ளை பெற்றுக்கொண்டால் அப்புறம் பார்த்துக்கலாம் என்று கணக்கு. தாய்மாமன் என்று என்னைத்தான் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், மேடையில் பெண் விடுதலை பேசுகிற நானும் பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன்.

டாக்டர் சாதியைப் பார்த்துத் திசு வால்வு என்றார். நாம் கருப்பையைப் பார்த்துத் திசு வால்வு என்றோம். இரண்டு பேருமே அவளைப் பார்க்கவில்லை.

அவள்தான் கேட்டாள்: “மாமா, நெஞ்சு யாருது?”

அப்புறம் டாக்டரிடம் போய் அவளே கேட்டாள். ரத்தம் எங்கே பார்ப்பார்கள்? எத்தனை நாளைக்கு ஒரு தடவை? என்ன செலவு? இன்னொரு ஆபரேஷன் பண்ணினால் எத்தனை மாசம் மிஷினில் உட்கார முடியாது? பெரிய டாக்டர் நல்ல மனுஷர். உட்கார வைத்து அரைமணி நேரம் பதில் சொன்னார். கேட்டுவிட்டு, இயந்திர வால்வு வைக்கச் சொன்னாள். “பத்து வருஷத்துக்கு ஒரு தடவ நெஞ்சப் பொளந்துக்க எனக்கு லீவு யாரும் தர மாட்டாங்க. புள்ள வேணும்னா அப்ப டாக்டருங்கள வச்சிப் பாத்துக்கறேன். இல்லன்னா வளத்துக்கறேன். எனக்கு நானு வேணும்” என்றாள்.

இன்னொருத்தி திசு வால்வு என்று சொல்லலாம். பிள்ளை பெற வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது அவள் உரிமை. பஸ் வராத மலைக்கிராமத்தில் இருந்தால் அதுவே புத்திசாலித்தனம். எதைச் சொன்னாலும் அவள் சொல்லணும். தெரிந்துகொண்டு சொல்லணும்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு. 2.8, 3.1, 2.6, 3.0. ஒரு தடவை பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட மாத்திரையால் 5.4 ஆகி, ஈறில் ரத்தம் நிற்காமல் ஓடிப் போய்ச் சேர்ந்தாள். அதையும் எழுதி வைத்திருக்கிறாள். முருங்கைக் கீரை சாப்பிடவே கூடாது என்று ஒருத்தர் பயமுறுத்தினார். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் நிறைய மறு வாரம் ஒண்ணுமில்லை என்று இல்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்று இன்னொரு டாக்டர் விளக்கினார். வேலியோரத்து முருங்கையும் இல்லையென்றால் நாம் எதைத் தின்பது! பென்சிலின் ஊசியும் தொடர்கிறது. வால்வு மாற்றினாலும் அது நிற்கக் கூடாது. ‘இவங்க ஒழுங்கா மாத்திரை சாப்பிட மாட்டாங்க’ என்று சொன்ன அந்தச் சின்ன டாக்டர் எங்கே இருக்கிறாரோ, அவருக்கு அந்த நோட்டை ஒரு நாள் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

ஆனால் அந்த நோட்டுக்காக அவள் எத்தனை நாள் கூலி இழந்தாள் என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்ததை வைத்து ‘பார், முடிகிறதே’ என்று சொல்லிவிடக் கூடாது.

அதனால் கேட்கிறோம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பென்சாத்தின் பென்சிலின் இருக்க வேண்டும். போடுவதற்குப் பயிற்சி பெற்ற ஆளும், அலர்ஜி வந்தால் சமாளிக்க மருந்தும் இருக்க வேண்டும். அங்கேயே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், மாத்திரையும் அங்கேயே தர வேண்டும். பரிசோதனை நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். என்ன வால்வு, எந்தக் கம்பெனி, எந்த எண் என்று எழுதின அட்டையை நோயாளி கையில் கொடுக்க வேண்டும். பியோர்க்-ஷைலி என்கிற வால்வில் ஒரு வகை உலகம் முழுக்க 86,000 பேருக்கு வைக்கப்பட்டு, உள்ளே கம்பி உடைந்து பலர் செத்து, 1986-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நெஞ்சுக்குள் இருப்பது எதுவென்று தெரியாதவர் அப்படி ஒரு செய்தி வந்தால் யாரிடம் போய்க் கேட்பார்? எல்லாவற்றுக்கும் மேலாக, சேரியில் ஏழு பேருக்கு ஓர் அறை என்கிற நிலை ஒழிய வேண்டும். வால்வை மாற்றுவதைவிட வீட்டை மாற்றுவது மலிவு.

ராத்திரி வீடு அடங்கின பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் கேட்கும். டிக், டிக் என்று. சொந்தக்காரர்கள் பயந்த சத்தம்.

“தூக்கம் கெடலியாம்மா?” என்று கேட்டேன்.

“கேக்கலன்னாத்தான் மாமா பயம்” என்றாள்.